நாலாவது நாற்காலிக்கு ஒரு கள்ளி

சாந்தா ரீத்தா,
நற்கருணைப் பெருவிழாவுக்கு முந்தைய புதன், மதியச் சமையல் முடிந்த நேரம்.

சாந்தரெம் பங்கின் மேய்ப்பரும், பெருநதிக்கரை ஆன்மாக்களின் காவலரும், என் உடன்பிறந்தவருமான அருட்தந்தை பெலார்மினோ அவர்களின் திருச்சமூகத்துக்கு, அக்காள் சுல்மீரா முழந்தாளிட்டு எழுதும் விண்ணப்பம்.

முழந்தாளிட்டு என்று மரியாதைக்குத்தான் எழுதினேன். உண்மையில் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வலது முழங்கால் ஈஸ்டருக்குப் பிறகு மடங்க மறுக்கிறது. அது தவிர ஆண்டவர் கிருபையில் இங்கு சுகம். தாங்களும் சுகமாக இருக்கவும், படகில் போகும்போது ஓரத்தில் உட்காராமல் நடுவில் உட்காரவும், மூன்று வேளையும் மீனையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் தினமும் ஒரு செபமாலை ஒப்புக்கொடுத்து வருகிறேன். தாங்கள் அனுப்பிய கடிதமும் படமும் கிடைத்தன. படத்தில் தாங்கள் மெலிந்து... மீனோ, மன்னித்துக்கொள். உன்னைத் தொட்டியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டிய கை இது. நாலு வரிக்கு மேல் "தாங்கள்" எழுத வரமாட்டேன் என்கிறது. மேலே உள்ள மரியாதையை முழுக் கடிதத்துக்கும் பிரித்து வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கரைக் கிராமங்களுக்குப் போய்விட்டால் உன் கைப்பேசி ஊமையாகிவிடுகிறது, அதனால் எழுத்தில் கேட்கிறேன். வருகிற சனிக்கிழமைக்குள் நான் ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பள்ளிக்கூட வகுப்பு என்று நினைத்துவிடாதே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நாலாம் வகுப்போடு என்னை நிறுத்தி உன் தொட்டிலை ஆட்டவைத்தார் அப்பா. மிச்ச எழுத்தெல்லாம் ஞானோபதேசப் புத்தகத்திலும் மாவு மூட்டையின் மேலும் நானாகப் படித்துக்கொண்டது. ஆகவே மருந்துக்கடை அகெனோரின் மகள் மாரிஸ்தெலா வந்து, "டோனா சுல்மீரா, எந்த வகுப்பு வேணும்னு யோசிச்சு வைங்க" என்றதும், "அஞ்சாவதுதான், வேறென்ன?" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் அலமாரியில் கோப்பைகள் அதிர்ந்தன. அவள் கேட்டது ஆட்டத்து வகுப்பு. அதுதான், பிள்ளைகள் அந்தக் காலத்தில் நம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களே, குகை, பூதம், புதையல் என்று வாயாலேயே ஒரு ராஜ்யம் கட்டி, அந்த ஆட்டம். அதில் ஒவ்வொருவரும் வேறோர் ஆளாக மாறிக்கொள்கிறார்கள்: போர்வீரன், மந்திரவாதி, கள்ளன், குருவானவர் என்று. அந்தத் தொழிலுக்குத்தான் வகுப்பு என்று பேர். ஒருமுறை எடுத்தால் ஆட்டம் முடிகிறவரை மாற்ற முடியாது. ஆட்டம் முடிய வருஷங்கள் ஆகும். கல்யாணம் மாதிரி என்று வைத்துக்கொள், ஆனால் இதில் யோசிக்க நேரம் கொடுக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமைகள் உனக்கு மறந்திருக்காது. பெரியவன் வால்டிருக்கு மீசை அரும்பிய வருஷம், சின்னவன் எலீசியோ அவனுடைய பழைய சட்டைகளுக்குள் தொலைந்து திரிந்த வருஷம். ஒருநாள் வால்டிர் வந்து, "அம்மா, சனிக்கிழம மத்தியானம் மேஸ்திரி வர்றாங்க. மேசயக் காலி பண்ணிக் குடு" என்றான். அடுக்களைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த சமயம். கிறிஸ்துமஸ் முதல் என் வீட்டுக்காரர் அனீசியோவிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. கடைசியில் மனிதருக்குப் புத்தி வந்து மேஸ்திரியை ஏற்பாடு செய்துவிட்டார் என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லி, பீன்ஸ் பானையை நகர்த்தி, அலமாரிக்குத் துணி போர்த்தி, ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே வாளி வைத்துக் காத்திருந்தேன். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் பை நிறையப் புத்தகங்களோடு வந்து நின்றாள். இந்த மாரிஸ்தெலாதான், ஆனால் யார் வீட்டுப் பிள்ளை என்று அப்போது எனக்குத் தெரியாது. "அப்பா எங்கம்மா? ஏணி கொண்டு வர்றாரா?" என்று கேட்டேன். "ஏணி எதுக்கு? நான்தான் மேஸ்திரி" என்றாள். அந்த ஆட்டத்தில் கதையை நடத்திப்போகிறவருக்கு மேஸ்திரி என்று பேராம், எனக்கெப்படித் தெரியும்? நான் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஓட்டையைக் காட்டினேன். அவளும் தொழில்காரி மாதிரி அண்ணாந்து பார்த்து, சொட்டுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "இத அப்படியே விட்ருங்க டோனா சுல்மீரா. குகைக்கு அருமையா இருக்கும்" என்றாள். அன்றைக்கு அவர்கள் குகைக்குள் நுழைந்தபோது நிஜமாகவே தண்ணீர் சொட்டியது. அதற்குப் பிறகு கூரையைத் தொடவே பிள்ளைகள் விடவில்லை. அனீசியோவும் அதையே சாக்காக வைத்து, கண்ணை மூடும்வரை அந்த ஓட்டையை அடைக்கவில்லை.

அவர் மரக்கடையிலிருந்து வீட்டுக்கு வரும் நேரம் ஆட்டம் உச்சத்தில் இருக்கும். தலையெல்லாம் மரத்தூளோடு வந்து நின்று, "யாருடா ஜெயிக்கிறது?" என்பார். "இதுல ஜெயிக்கிறதே கெடயாதுப்பா" என்பார்கள் நாலு பேரும். "அப்ப எதுக்குடா இவ்வளவு நேரம்?" என்று கேட்டு, தட்டிலிருந்து ஒரு சீஸ் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போவார். அடுத்த சனிக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில், அதே உருண்டை. நான் அடுப்பைப் பார்த்தபடிதான் நிற்பேன், ஆனால் காது மேசையில் இருக்கும். பிள்ளைகளுக்குச் செலவுக் கணக்கு வராது, உனக்குத்தான் தெரியுமே. ஊரில் வாங்கிய தீப்பந்தம் எத்தனை, கொளுத்தியது எத்தனை என்று ஒருத்தனுக்கும் நினைவிருக்காது. நான் இங்கிருந்து, "வால்டிர், கடைசிப் பந்தம் பாலத்துலயே அணஞ்சு போச்சு. இப்ப நீங்க இருட்டுல நிக்கிறீங்க" என்று குரல் கொடுப்பேன். "அம்மா, நீ யாரு பக்கம்?" என்று கத்துவான். மேஸ்திரி மட்டும் தலையசைத்து, "அடுப்படி சொல்றது சரி. இருட்டு" என்று தீர்ப்புச் சொல்வாள். அப்படிச் சொன்ன நாளெல்லாம் அவளுக்கு உருண்டை கூடப் போடுவேன்.

இரும்புமலைப் பால்டுயினோவையும் நீ மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தாலும் ஊர் மறக்கவில்லை. வால்டிர் ஆடிய குள்ளப் போர்வீரன் அவன். சுரங்கம் இடிந்து செத்துப்போனான். மேசையில்தான் செத்தான், ஆனால் என் பிள்ளை சோற்றைத் தொடவில்லை, பேச்சில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பிள்ளை துக்கப்பட்டால் அது சாவுதானே மீனோ? நான் கோயில்பிள்ளையிடம் போய் ஏழாம் நாள் பூசைக்குப் பேர் கொடுத்தேன். "இறந்தவர்: இரும்புமலை பால்டுயினோ. சுரங்க விபத்து." குள்ளன் என்று எழுத இடமில்லை. நீயோ அப்போதுதான் குருப்பட்டம் பெற்று நம்மூருக்கு வந்த புதுசு. நம் ஜில்லாவில் மண்ணைத் தோண்டாத மலை எது? நீ பேரை உரக்க வாசித்ததோடு நிற்காமல், ஏழைத் தொழிலாளியின் உயிரைத் தூசாக நினைக்கும் சுரங்க முதலாளிகளைப் பிரசங்க மேடையிலிருந்து பிடிபிடியென்று பிடித்தாய். பெண்கள் முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த சுரங்க மானேஜர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பூசை முடிந்து வாசலுக்கு வந்தால், பேக்கரிக்காரர் மனைவி நேசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் பால்டுயினோ பொண்டாட்டி! எத்தன பிள்ளைங்க?" என்கிறாள். நான் என்ன சொல்ல? "குடும்பம் இல்லாத மனுஷன்" என்றேன். "அப்ப சமைச்சுப் போட்டது யாரு?" என்று கேட்டு இன்னும் அழுதாள். நீ நம் வீட்டுக்குக் காபிக்கு வந்து, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உட்கார்ந்தபோது வால்டிர் அந்தக் குள்ளனின் படத்தை, கோடாலியும் தாடியுமாக, உன்னிடம் நீட்டினான். உன் காது சிவந்த அழகு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் மேஸ்திரி என்ன சொன்னாள்? "ஒரு சபையே எழுந்து நின்னு செபம் பண்ணியிருக்கு. இதுக்கப்புறமும் எந்திரிக்கலேன்னா எப்படி?" பால்டுயினோ உயிர்த்தெழுந்தான், என் பிள்ளை சோறு தின்றான். அந்தப் பிரசங்கத்தால்தான் ஆயர் உன்னைப் படகேற்றிப் பெருநதிக்கு அனுப்பினார் என்று நேசி இன்றைக்கும் சொல்லித் திரிகிறாள். நான் நம்புவதில்லை.

அதெல்லாம் போன காலம். இப்போது அழ வேண்டியதைச் சொல்கிறேன். அனீசியோவை நல்லடக்கம் செய்துவிட்டு வந்து, போட்ட காபி ஆறுவதற்குள் என் பிள்ளைகள் இருவரும் என்னைப் பங்கு போட ஆரம்பித்தார்கள். வால்டிர், "அம்மா என்கூட பெலோ ஒரிசோன்ச்சிக்கு வரட்டும். பன்னெண்டாவது மாடி, லிஃப்ட் இருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு" என்றான். எலீசியோ, "அம்மா பார்பசேனாவுக்கு வரட்டும். தோட்டம் இருக்கு, கோழி இருக்கு" என்றான். "நீ அம்மாவ லிஃப்டுக்குள்ள பூட்டப் பாக்குற!" "நீ அம்மாவக் கோழி மேய்க்க விடப் பாக்குற!" என்று பேச்சு முற்றி, எலீசியோ தொப்பியை மறந்து விட்டுவிட்டே போனான். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் ஒரு வார்த்தை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒருவன் முந்தின நாள் வருகிறான், மற்றவன் மறுநாள் வருகிறான். நான் வான்கோழியை இரண்டு முறை சுட்டு, முதல்முறை வந்தவனிடம் ஆச்சரியப்படுவது போலவே இரண்டாம் முறை வந்தவனிடமும் ஆச்சரியப்படுகிறேன். எனக்கு எங்கே இருக்க இஷ்டம் என்று இருவரில் ஒருவன் கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் அது சண்டையில் மூன்றாவது கட்சியாகிவிடும்.

இந்த நிலைமையில்தான் மாரிஸ்தெலா பல் வைத்தியராக ஊர் திரும்பி, கோயிலுக்கு எதிரில் பலகை மாட்டினாள். என் கடைவாய்ப் பல்லைப் பார்க்கும்போது என் துக்கத்தையும் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. இரண்டு பேருக்கும் தனித்தனியே போன் போட்டு, "பால்டுயினோ இன்னும் அந்தப் பாலத்து மேலதான் நிக்கிறான். வந்து இறக்கிவிடு" என்று மட்டும் சொன்னாளாம்; பழைய ஆட்டம் பாதியில் நின்றுபோன இடம் அது. வந்துவிட்டார்கள் மீனோ! போன சனிக்கு முந்திய சனிக்கிழமை, அதே மேசை, தலை நரைக்கத் தொடங்கிய பால்டுயினோ ஒரு முனையில், எலீசியோவின் மந்திரவாதி மறுமுனையில். ஒருவரையொருவர் பார்த்ததும் இருவரும் எழுந்துவிடப் பார்த்தார்கள், ஆனால் மேஸ்திரி பகடையை உருட்டிவிட்டாள். உருளுகிற பகடையை விட்டு எழுந்துபோக அந்த இரண்டு பேருக்கும் சின்ன வயசிலிருந்தே முடியாது. ஆட்டம் நடந்தது. பேச்சு மட்டும் இப்படி நடந்தது:

"மேஸ்திரி, மந்திரவாதிக்குத் தாகமா இருக்காம், தண்ணி வேணுமாம்னு அந்தக் குள்ளன்கிட்டச் சொல்லு."

"நெஜத் தண்ணியா, ஆட்டத்துத் தண்ணியா?"

"நெஜத் தண்ணி. ஜாடி குள்ளன்கிட்ட இருக்கு."

"குள்ளனுக்குக் கை ஒழியலயாம்னு மந்திரவாதிகிட்டச் சொல்லு மேஸ்திரி."

கடைசியில் நான்தான் எழுந்து போய் ஊற்றினேன். ஆனாலும் ஒரே கூரையின் கீழ், ஒரே தட்டில் கை வைத்தார்கள். ஒரு சனி விட்டு ஒரு சனி ஆடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆட்டம் எவ்வளவு நாள் நீள்கிறதோ அவ்வளவு நாள் இவர்கள் வருவார்கள், முடிந்ததென்றால் மறுபடியும் இரண்டு வான்கோழி. இதுதான் என் நிலை.

இடைஞ்சல் என்னவென்றால், இரண்டு ஆட்டக்காரரை வைத்து வண்டி ஓடாது என்கிறாள் மாரிஸ்தெலா. "கதவு ஒண்ணு, இழுக்கிறவங்க ரெண்டு பேரு. நாலாவது நாற்காலிக்கு ஆள் வேணும்." அந்த நாற்காலி முன்பு ஓசெயாஸினுடையது. ஆட்டத்தில் அவன்தான் காயத்துக்கு மருந்து போடுகிற குருவானவர். நிஜத்தில் இப்போது பேருந்து நிலையத்துக்கு அருகில் வேறொரு சபையில் பாஸ்டராக இருக்கிறான். நீ ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த பிள்ளை, அதையும் நினைத்துக்கொள். "டோனா சுல்மீரா, இப்ப நான் நெஜமாவே பண்றேன், ஆட்டத்துல வேற எதுக்கு?" என்று கும்பிட்டுவிட்டான். ஆகவே அந்த நாற்காலி எனக்கு வந்தது.

மாரிஸ்தெலா வகுப்புகளை விளக்கியது என் பல்லுக்குச் சிமெண்ட் வைத்துக்கொண்டே. வாயைத் திறந்து வைத்திருப்பவள் எதையும் மறுக்க முடியாது என்பதை நீயும் கவனித்துக்கொள், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உதவும். போர்வீரன் முதலில் போய் முதலில் அடி வாங்க வேண்டும். முழங்கால் இடம் கொடுக்காது. மந்திரவாதி தினமும் காலையில் மந்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மாதாவின் பிரார்த்தனை முழுவதையும் மூச்சு விடாமல் சொல்கிறவளுக்கு அது கஷ்டமில்லை, ஆனால் நேசியின் காதுக்குப் போனால் நான் சூனியக்காரி என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். புனித வீரன் என்று ஒருவன் இருக்கிறானாம், பொய்யே சொல்லக் கூடாதாம். பிள்ளைகள் இருவரிடமும் "உன் வான்கோழிதான் நல்லா வந்துச்சு" என்று சொல்கிறவளுக்கு அது எப்படி ஒத்துவரும்? பாணன் பாடிக்கொண்டே சண்டைக்குப் போவானாம். பாடகர் குழுவிலிருந்து என்னை ஏன் நிறுத்தினாய் என்று உனக்கே தெரியும். பிறகு குருவானவர் என்றாள். நான் கையை ஆட்டிச் சிமெண்ட்டை நிறுத்தச் சொல்லி, "பொம்பள எப்படிம்மா பூச வெக்க முடியும்?" என்றேன். "அங்க முடியும் டோனா சுல்மீரா" என்றாள். மீனோ, சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் எனக்கு வாயை மூடத் தோன்றவில்லை.

ஆனால் வகுப்பு விஷயம் பிள்ளைகள் காதுக்குப் போனது. வால்டிர் போனில் வந்தான். "அம்மா, நீ குருவானவர் எடுத்துக்கோ. பின்வரிசையில பத்திரமா நின்னு மருந்து போடு. முன்னாடி வராத." போனை வைத்ததும் எலீசியோ. "அம்மா, அவன் பேச்சக் கேக்காத. பின்னாடிதான் மொதல்ல பூதம் பிடிக்கும். நீ மந்திரவாதியா என்கூட நில்லு, நான் சொல்லித் தர்றேன்." மறுபடி வால்டிர்: "தம்பி என்ன சொன்னான்?" மறுபடி எலீசியோ: "அண்ணன் என்ன சொன்னான்?" பன்னிரண்டாவது மாடியும் கோழித்தோட்டமும் மறுபடியும் வந்துவிட்டன, வேறு பெயரில். அம்மா யார் பக்கத்தில் நிற்பது என்பதுதான் சண்டை. அம்மாவுக்கு எங்கே நிற்க இஷ்டம் என்று இந்த முறையும் எவனும் கேட்கவில்லை.

அன்று செபமாலை சொல்லிக்கொண்டே யோசித்தேன். யார் பக்கத்திலும் நிற்காத வகுப்பு எது? மாரிஸ்தெலாவிடம் கேட்டேன். "கள்ளன்தான்" என்றாள். கள்ளன் எல்லாருக்கும் முன்னால் தனியாகப் போவானாம். கல்லைத் தட்டிப் பார்த்து, பூட்டைத் திறந்து, கண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவரை மற்றவர்கள் கதவுப்பக்கம் சேர்ந்து நின்று காத்திருக்க வேண்டுமாம். இதைக் கேட்டதும் எனக்கு வெளிச்சமாகிவிட்டது. நான் முன்னே போய்விட்டால் பின்னால் நிற்பது யார்? குள்ளனும் மந்திரவாதியும். ஒரே பந்தம், ஒரே கதவு. எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்த்து நிற்பார்கள்? மேலும், இருக்கிற வகுப்புகளிலேயே மெதுவானது கள்ளன்தான். ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்துப் போனால் ஒரு தாழ்வாரத்துக்கே ஒரு மாதம் ஓட்டலாம். நீண்ட ஆட்டத்துக்கு எது நல்ல வகுப்பு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு வேண்டியது ஆட்டத்தை நீட்டிக்கிற வகுப்பு.

களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளை எனக்குத் தெரியாமலில்லை. அதற்குத்தான் இந்த விண்ணப்பம். ஆண்டவரோடு அன்றைக்கே பரலோகம் போனவர் யார்? மறைநூல் அறிஞரா, குருவானவரா? நல்ல கள்ளன் புனித தீமாஸ். அவர் பேரையே சேர்த்து என் ஆளுக்குத் தீமாசியா என்று பேர் வைத்திருக்கிறேன். சாகாமல், அவசரப்படாமல், தட்டித் தட்டிப் பார்த்து நடப்பேன்; திருடியதை எல்லாம் ஆட்டத்துக் கோயில் உண்டியலிலேயே போடுவேன் என்று நேர்ந்துகொண்டிருக்கிறேன். ஆகவே உன் தமக்கை கள்ளி ஆகலாம் என்று ஒரு வரி எழுதி, சனிக்கிழமைக்கு முன் கிடைக்கும்படி விரைந்து அனுப்ப வேண்டும். நாளைய பவனிக்கு எங்கள் தெருவுக்கு மரத்தூள் விரிப்பு போடும் வேலை எனக்கு இருக்கிறது, நேசி சிவப்புச் சாயத்தைக் குழைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், முடிக்கிறேன்.

பெருநதி உனக்கு அடங்கியிருக்கட்டும்; கொசு உன்னைத் தவிர்த்துப் போகட்டும்; உன் சமையற்காரிக்குப் பீன்ஸ் வேகவைக்கும் ஞானத்தைப் பரிசுத்த ஆவி அருளட்டும். படகுக்கார ரைமுண்டோவுக்கும் மடத்துச் சகோதரிகளுக்கும் என் ஸ்தோத்திரம்.

உன் ஆசீரை வேண்டும், உன்னைத் தூக்கி வளர்த்த,
சுல்மீரா

பி.கு. திங்கட்கிழமை. மீனோ, மேலே எழுதியதையெல்லாம் படித்து முடித்திருந்தால் மறந்துவிடு. வியாழன் பெருவிழா, வெள்ளிக்கிழமை தபாலாபீஸ் திறக்கவில்லை, சனிக்கிழமை யாருக்காகவும் நிற்கவில்லை. உன் அனுமதி இல்லாமலே கள்ளியானேன்.

என் யோசனை பலிக்கவில்லை. நான் முன்னே போனேன், கதவைத் திறந்தேன், கல்லைத் தட்டினேன். பின்னால் இரண்டு பேரும் உப்புச்சிலை மாதிரி நின்றார்கள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு. கூரையிலிருந்து வாளியில் சொட்டுகிற சத்தம் மட்டும். இப்படியே ஒரு மாதம் தட்டினாலும் எனக்குக் கைதான் வலிக்கும் என்று புரிந்துபோயிற்று. அப்போது மேஸ்திரி கேட்டாள்: "டோனா சுல்மீரா, அடுத்த கல்லுல கால் வெக்கிறதுக்கு முன்னாடி தட்டிப் பாப்பீங்கதானே?"

அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. "வேணாம்மா. நேராப் போறேன்" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமா."

பகடையை உருட்டினேன். ஒன்று. தரை திறந்துகொண்டது. தீமாசியா போய்ச் சேர்ந்தாள்.

நாற்காலிகள் இரண்டும் ஒரே சமயத்தில் பின்னால் விழுந்தன. "அம்மா!" என்று கத்தினான் எலீசியோ. "ஏம்மா பாக்கல? எல்லாத்தயும் பாப்பியே!" என்றான் வால்டிர். பிறகு அவன் திரும்பினான், மேஸ்திரி பக்கமல்ல, தம்பி பக்கம்.

"ஒன்னாலதான்டா. முன்னாடி அனுப்பாதன்னு சொன்னேன்ல?"

"மேஸ்திரிகிட்டச் சொன்ன. என்கிட்ட எங்கண்ணா சொன்ன?"

"ஒன்கிட்டச் சொன்னா நீ கேப்பியா?"

"சொல்லிப் பாத்தியா?"

வால்டிர் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு, "கயிறு ஒன்கிட்டதானே இருக்கு?" என்றான். "இருக்கு. நுனியப் பிடி" என்றான் எலீசியோ. இருவரும் சேர்ந்து என்னை மேலே இழுத்தார்கள். செத்தவள் பேசக் கூடாது என்பது ஆட்டத்து விதியாம். நான் எழுந்து போய்க் காபி போட்டேன். பிணம் காபி கொண்டுவந்து வைத்ததை இருவரும் கவனிக்காமலே குடித்தார்கள், அவ்வளவு வாதம்: வடக்கே நகரத்துக் கோயிலுக்கு என்னைத் தூக்கிப்போவதா, மலை மடத்துக்கா என்று. பன்னிரண்டாவது மாடியும் கோழித்தோட்டமும்தான் மறுபடியும் என்று நான் பெருமூச்சு விட்ட நேரத்தில், வால்டிர் கோப்பையைக் கீழே வைத்து, "இரு, அம்மாவயே கேப்போம்" என்றான்.

"அம்மாதான் செத்துட்டாங்களே."

"இருந்தாலும் கேப்போம்." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எலீசியோதான் கேட்டான்: "அம்மா, நீ எங்க இருக்கணும்னு நெனைக்கிற?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். "செத்தவங்க ஒரே ஒரு வார்த்த சொல்லலாம்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

"இங்கயே" என்றேன்.

வால்டிர் அண்ணாந்து கூரையைப் பார்த்து, "அப்ப இந்த ஓட்டயாவது அடைக்கணும்டா" என்றான். "குகைக்கு என்ன பண்றது?" என்றான் எலீசியோ. இருவரும் சிரித்தார்கள். அனீசியோ இருந்திருந்தால் அந்த நேரம் பார்த்து வந்து நின்று, "யாருடா ஜெயிக்கிறது?" என்று கேட்டிருப்பார். செத்தவள் என்றாலும் அவருக்கு நான் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகவே இப்போது என் வேண்டுதல் வேறு. தெரிந்தே அந்தக் கல்லில் கால் வைத்தேன். அது பாவமா என்று எழுது, பாவமென்றால் ஒரு செபமாலை கூடச் சொல்கிறேன், வருத்தப்படச் சொல்லாதே. பிள்ளைகள் கேட்டால், எனக்குக் காது மந்தம், மேஸ்திரி கேட்டது சரியாக விழவில்லை என்று சொல். அடுத்தது, பால்டுயினோவுக்கு நடந்தபடியே நீ தீமாசியாவுக்கு ஏழாம் நாள் பூசை வைத்து, வைத்தேன் என்று உன் கையால் எழுதி அனுப்பினால்தான் நான் உயிர்த்தெழலாமாம், மேஸ்திரியின் தீர்ப்பு. அதுவரை என்னைக் குகைக்கு வெளியே சுமந்துவர வேண்டும். தலைப்பக்கம் வால்டிர், கால்பக்கம் எலீசியோ. ஒருவன் மட்டும் தூக்க முடியாது, ஒருவன் மட்டும் வழி சொல்ல முடியாது, ஒவ்வொரு திருப்பத்திலும் இருவரும் பேசித்தான் ஆக வேண்டும். குகை மிகவும் நீளம் என்கிறாள் மாரிஸ்தெலா. பேர் வாசிக்கும்போது தெளிவாக வாசி, முதலாளிகளைத் திட்டாதே.

ஆனால் மீனோ, பூசைக்கு அவசரமே இல்லை. மழைக்காலம் முடியட்டும், நதி வடியட்டும், உன் வேலையெல்லாம் ஒழியட்டும். பதிலையும் விமானத் தபாலில் போட்டுவிடாதே, ரைமுண்டோவின் படகிலேயே அனுப்பு. செத்துக் கிடப்பது எனக்குச் சுகமாக இருக்கிறது.